பில் இல்லாத வாட்ச்

போன மாதம் மாமாவோட வாட்ச் நின்றுபோனது. 1990-களின் தொடக்கத்தில் அவர் துபாயில் இருந்து கொண்டுவந்த ஜப்பான் குவார்ட்ஸ் வாட்ச். மாமா இப்போது இல்லை. ராமநாதபுரம் பஜாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார், அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "மெஷின் போச்சு சார். புது மெஷின் போட்டுத் தரேன், எண்ணூத்தம்பது ஆகும். பழசு உங்களுக்கு வேண்டாம்ல?" என்றார்.

"பழசு உங்களுக்கு வேண்டாம்ல" என்று கேட்காமல் இருந்திருந்தால் அங்கேயே கொடுத்திருப்பேன். அந்த ஒரு வார்த்தை உறுத்தியது. யோசித்துச் சொல்றேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கீழக்கரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் பார்த்தார். செல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க." எல்.ஆர். 626 என்று இருந்தது. "எல் போட்டிருக்கா? உங்களுக்கு எவ்வளவுக்குப் போட்டாங்க?" போன வருஷம் வேறொரு இடத்தில் 150 ரூபாய் கொடுத்ததாக ஞாபகம். பெரியவர் சிரித்தார். செல் கசிந்து அதன் தகட்டில் பச்சை பிடித்திருந்தது, அவ்வளவுதான். தகட்டைச் சுத்தம் செய்து, வேறு செல் போட்டார். முள் நகர்ந்தது. செல்லோடு சேர்த்து 120 ரூபாய்.

எண்ணூத்தம்பதுக்கும் நூத்தியிருபதுக்கும் நடுவே இருக்கும் எழுநூத்தி முப்பது ரூபாய் எங்கிருந்து வருகிறது? ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் நம்ம கடற்கரையில் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

தங்கத்துக்குப் பக்கத்தில் வாட்ச்

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பொதுவாக ஒருவர் குற்றம் செய்தார் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். இந்தப் பிரிவு அதைத் திருப்பிப் போடுகிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் ஒன்றைப் பறிமுதல் செய்தால், அது கடத்தி வந்தது இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர் தலையில் விழும். எல்லாப் பொருளுக்கும் இது கிடையாது. பிரிவுக்குள்ளேயே பெயர் சொல்லி வைத்திருக்கும் பொருள்கள் மிகச் சில. அதில் தங்கம் இருக்கிறது, வாட்ச்சும் இருக்கிறது. மற்றவற்றை அரசு அறிவிக்கை போட்டுத்தான் சேர்க்க வேண்டும். இன்றைக்கும் அந்தப் பிரிவில் இருந்து வாட்ச் நீக்கப்படவில்லை.

கையில் கட்டுகிற சாமான் தங்கத்தோடு ஒரே வரியில் வந்ததற்குக் காரணம் எளிது. சின்னது, விலை அதிகம், ஒளித்துவைக்கச் சுலபம், உள்நாட்டில் கிடைக்காது. பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு வாட்ச் தயாரிக்கத் தொடங்கியதே 1961-இல்தான். சாவி கொடுக்கிற 'ஜனதா' போன்ற வாட்ச்சுகள் பிறகு நாடு முழுக்கப் பரவின, ஆனால் தேவைக்கு ஈடாகவில்லை. வெளிநாட்டு வாட்ச்சை இறக்குமதி செய்வதற்கோ கடும் கட்டுப்பாடு. அந்த இடைவெளியில் கடத்தல் வளர்ந்தது. 1969-இல் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்களுக்காக ஏற்பட்ட பர்மா பஜார், வெளிநாட்டுச் சாமான் கிடைக்கும் இடம் என்று பெயர் எடுத்தது அந்தக் காலத்தில்தான். 1974-இல் கடத்தலைத் தடுக்கவே காஃபிபோசா என்ற தனிச் சட்டம் வந்தது.

நம்ம பக்கத்துக்காரர்களுக்குச் சுங்கம் புதிதில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடத் தொடங்கியதில் இருந்து 1964 டிசம்பர் புயல் அதை அழிக்கும் வரை, தனுஷ்கோடி ஒரு எல்லைத் துறைமுகம். அங்கே ரயில் நிலையமும் தபால் ஆபீசும் இருந்த மாதிரியே சுங்க ஆபீசும் இருந்தது. தலைமன்னாரில் இருந்து கப்பலில் வருகிறவர் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ரயில் ஏற முடியும். புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது, சோதனையும் கூடவே மாறியது. பெட்டியில் இருக்கும் வாட்ச் வேறு, கையில் கட்டியிருக்கும் வாட்ச் வேறு என்பது இந்தக் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம் என்று நம்ம கடலோர ஊர்களில் இருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. 1970-களில் வளைகுடா நாடுகள் சேர்ந்துகொண்டன. சபுராளி ஊர் திரும்பினால் பெட்டியில் சென்ட், டார்ச், சட்டைத் துணி எல்லாம் வரும். அவர் கையில் இருந்து கழற்றி மச்சினன் கையில் கட்டிவிடுகிற வாட்ச்சுக்கு மட்டும் தனி மரியாதை. எங்க மாமா வாட்ச்சும் அப்படி வந்ததுதான்.

அப்படி வந்த வாட்ச் ஒன்றுக்கும் பில் கிடையாது. முறையாக வந்ததற்கும் கிடையாது, முறையில்லாமல் வந்ததற்கும் கிடையாது. இரண்டையும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பில் இல்லாதவன் வாய் திறக்க மாட்டான்

இப்போது அந்த வாட்ச் ரிப்பேர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி கார்டு இல்லை. கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இங்கே இல்லை. உதிரி பாகமும் அதே வழியில்தான் வரவேண்டும், அதற்கும் பில் இருக்காது. ரிப்பேர்காரர் சொல்கிற விலைதான் விலை. கூடுதலாக வாங்கிவிட்டார் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? 'இது எங்கே வாங்கினது' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். 123-ஆவது பிரிவின் எண் தெரியாதவனுக்கும் அந்தக் கேள்வியின் பயம் தெரியும்.

ஆக, வாட்ச் கடையில் பில் கேட்காமல் இருக்கும் பழக்கம் சும்மா வந்த சோம்பேறித்தனம் இல்லை என்பது என் ஊகம். கேட்கக் கூடாது என்று ஒரு காலம் நம்மைப் பழக்கியது. அதிகாரிக்குப் பயந்து விட்ட பில், கடைக்காரருக்கு வசதியாகப் போனது. நியாயமான ரிப்பேர்காரருக்கும் அதில் நஷ்டம்தான். நல்ல வேலை செய்ததற்கு அவரிடமும் காகிதம் இல்லையே.

அந்தக் காலம் சட்டப்படி முடிந்து வெகுநாள் ஆகிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை. டாடாவின் 'டி.ஐ.', தமிழ்நாட்டின் 'டி.ஏ.என்.' இரண்டும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. பிரான்சின் எபோஷ் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு, குவார்ட்ஸை நம்பியே இறங்கினார்கள். பில்லோடும் வாரண்டி கார்டோடும் வாட்ச் விற்கும் ஷோரூம் நம்ம ஊர்களுக்கு வந்தது அதன் பிறகுதான். 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. பட்டியலில் கடைசியாக மிஞ்சியிருந்த 715 பொருள்களுக்கும் 2001 ஏப்ரல் 1 அன்று தடை நீங்கியது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் வாட்ச் கடையில் இன்னும் நாம் பில் கேட்பதில்லை.

ஆயிலிங் போய் செல் வந்தது

இது பாதிக் கதை. மறுபாதி வாட்ச்சுக்குள்ளேயே நடந்தது.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். அந்தக் காசுக்கு அப்போது ஜப்பானில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். பதினைந்து இருபது வருஷத்தில் அதே தொழில்நுட்பம் பஸ் ஸ்டாண்டில் கூவி விற்கும் விலைக்கு இறங்கியது. சுவிட்சர்லாந்தில் 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் பார்த்த வாட்ச் வேலை, 1980-களின் நடுவில் ஏறக்குறைய 30,000 பேருக்குச் சுருங்கியது. அங்கிருந்து 1983-இல் வந்த ஸ்வாட்ச், 51 பாகங்களே கொண்ட பிளாஸ்டிக் வாட்ச். அதில் செல்லை மாற்றலாம். உள்ளே கை வைக்க வழி இல்லாத மாதிரியே செய்திருந்தார்கள். ரிப்பேர் பண்ணாமல் தூக்கிப் போடு என்பது வாட்ச்சின் வடிவத்திலேயே வந்துவிட்டது.

சாவி வாட்ச்சில் பல்சக்கரம், சுருள், ரத்தினக்கல் எல்லாம் உண்டு. சில வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஊசி முனையால் எண்ணெய் வைக்க வேண்டும். அதற்கு 'ஆயிலிங் - கிளீனிங்' என்று பேர் இருந்தது. பேர் இருந்ததால் அதற்கு ஒரு ரேட்டும் இருந்தது. பாகம் மாற்றவில்லை என்றாலும் வேலைக்குக் காசு கொடுக்கிறோம் என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம். கூண்டுக்கு வெளியே நின்று பார்க்கிறவன் கண்ணுக்கும் அந்த வேலை தெரியும்.

குவார்ட்ஸ் அப்படி இல்லை. உள்ளே இசைக்கவை வடிவத்தில் ஒரு துளி குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பட்டதும் நொடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பாதி பாதியாக 15 தடவை வகுத்துக்கொண்டே போனால் ஒன்று மிஞ்சும். அந்த வேலையைச் சின்ன சர்க்யூட் செய்துவிடுகிறது. நொடிக்கு ஒரு துடிப்பு ஒரு காயிலுக்குப் போய், குட்டி மோட்டாரை ஒரு படி தள்ளி, முள்ளை நகர்த்துகிறது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பார்க்கிறவர் பாதி நேரம் ஒன்றும் செய்வதே இல்லை, பார்க்க மட்டும் செய்கிறார்.

கீழக்கரைப் பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருபது நிமிஷம் பாத்தேன். பாத்ததுக்கு அம்பது ரூவா குடுன்னா எவனும் தர மாட்டான் தம்பி. என்னத்த மாத்துனேன்னு கேப்பான். அதான் சில பேரு மெஷின் போச்சுங்கறான். மெஷின் மாத்துனா எண்ணூறு சந்தோசமா தருவான். தப்பு அவன் மேலயும் இருக்கு, உங்க மேலயும் இருக்கு."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் மறுக்க முடியவில்லை. பாகத்துக்குக் காசு தருவோம், பார்வைக்குத் தர மாட்டோம். அதனால் பார்வைக்கான கூலி பாகத்தின் விலைக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாத இடத்தில்தான் எழுநூத்தி முப்பது ரூபாய் உருவாகிறது.

நம்ம கடற்கரையில் வாட்ச் ஏன் நிற்கிறது

நிற்கிற குவார்ட்ஸ் வாட்ச்சில் முதலில் சந்தேகப்பட வேண்டியது செல்லை. நொடி முள் ஒவ்வொரு நொடியாக நகராமல் நாலைந்து நொடிக்கு ஒருமுறை தாவித் தாவி ஓடினால், பல வாட்ச்சுகளில் அது 'செல் தீரப் போகிறது' என்று வாட்ச்சே சொல்லும் அறிவிப்பு. கோளாறு இல்லை.

செல்லில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி ஏமாற்று குறையும். 626 என்பது அளவு: குறுக்கே 6.8 மில்லிமீட்டர், உயரம் 2.6 மில்லிமீட்டர். முன்னால் எஸ்.ஆர். என்று இருந்தால் சில்வர் ஆக்சைடு, எல்.ஆர். என்று இருந்தால் ஆல்கலைன். அளவு ஒன்றுதான், இரண்டும் உள்ளே உட்காரும், இரண்டிலும் வாட்ச் ஓடும். சில்வர் ஆக்சைடு 1.55 வோல்ட்டை ஏறக்குறைய கடைசி வரை பிடித்து நிற்கும். ஆல்கலைன் மலிவு. அதன் வோல்ட் மெல்ல மெல்ல இறங்கும், கசியும் வாய்ப்பும் அதிகம். எஸ்.ஆர். 626 செல்லையே 377 என்ற எண்ணிலும் விற்பார்கள்.

நல்ல செல் எவ்வளவு நாள் வரும் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்த அளவு சில்வர் ஆக்சைடு செல்லின் கொள்ளளவு சுமார் 28 மில்லி ஆம்பியர்-மணி. சாதாரண மூன்று முள் வாட்ச் இழுக்கும் மின்சாரம் ஒன்றரை மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால், 18,600 மணி நேரத்துக்கு மேல் வரும். இரண்டு வருஷம். மூன்றே மாதத்தில் தீர்ந்தால், ஒன்று செல் போலி அல்லது பழசு, இல்லையென்றால் உள்ளே அழுக்கோ ஈரமோ கூடுதலாக மின்சாரத்தைக் குடிக்கிறது. அப்போதுதான் சர்வீஸ் என்ற பேச்சே வர வேண்டும். மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர் செல்லின் வோல்ட்டையும் காயில் அறுந்திருக்கிறதா என்பதையும் ஒரு நிமிஷத்தில் காட்டிவிடலாம். காயில் அறுந்திருந்தால் மெஷின் மாற்றச் சொல்வது பெரும்பாலும் நியாயம்தான்.

ஈரத்துக்கு நம்ம பக்கம் பஞ்சமில்லை. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்கி, அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் கையில் வாட்ச்சோடு நிற்கிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். மூடியில் '30 மீட்டர்' என்று எழுதியிருப்பதை நம்பி நிற்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்தில் அசையாத தண்ணீரின் அழுத்தத்தை வைத்துச் சொல்லும் அளவு. கை கழுவலாம், மழையில் நனையலாம், கடலில் குளிக்க அது இல்லை. பின்மூடியின் ரப்பர் வளையம் பழசாகியிருந்தால் அதுவும் இல்லை. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் செல்லின் தகடுதான் முதலில் அரிக்கும். யாத்திரை வந்தவர் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார், திரும்ப வந்து கேட்க மாட்டார். அவரிடம் என்ன விலை சொல்லலாம் என்பது கடைக்காரரின் மனசாட்சியைப் பொறுத்தது.

இனி நான் செய்யப் போவது

கூண்டுக்கு முன்னால் நின்று, "முதல்ல பாருங்கண்ணே, பாக்குறதுக்கு எவ்வளவுன்னு சொல்லிருங்க" என்று கேட்கப் போகிறேன். பார்வைக்குத் தனியாகக் கூலி பேசிவிட்டால், மெஷின் போச்சு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்காது. செல்லை என் கண் முன்னால் அட்டையில் இருந்து பிரிக்கச் சொல்வேன். எஸ்.ஆரா எல்.ஆரா என்று நானே படிப்பேன், அட்டையில் எம்.ஆர்.பி. இருக்கும். கழற்றிய பாகம் எதுவானாலும் என்னிடம் தந்துவிட வேண்டும்.

கடைசியாக, ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குவேன். தேதி, செய்த வேலை, போட்ட பாகம், தொகை. இது நாம் கெஞ்சிக் கேட்கிற சலுகை இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தது 1986-இல். அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் தராமல் இருப்பதையே அது முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 1915 என்ற எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். 120 ரூபாய்க்கு யாரும் கமிஷனுக்குப் போகப்போவதில்லை. ஆனால் சீட்டு கேட்கிறவனிடம் விலை சொல்லும் குரலே கொஞ்சம் இறங்கும்.

கீழக்கரைப் பெரியவரிடம் சீட்டு கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இத்தனை வருசத்துல யாரும் கேட்டதில்ல தம்பி" என்றார். பில் புத்தகமே அவரிடம் இல்லை. பழைய காலண்டர் தாளைக் கிழித்து, 'செல் எஸ்.ஆர். 626, தகடு கிளீனிங், 120' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முப்பது வருஷமாக எங்க வீட்டில் இருக்கும் அந்த வாட்ச்சுக்கு அதுதான் முதல் பில்.